எங்கள் வீட்டுச் சைவ நாய்

பெஞ்சுக்காரர்களே, நேற்றுக் காலை அந்தப் பெண் இடுப்பில் கயிற்றைக் கட்டி நாயோடு ஓடிப் போனபோது நீங்கள் பேசியதையெல்லாம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆற்றங்கரை நடைபாதையில் இவ்வளவு கூட்டம் இருக்கும்போது நாய் எதற்கு என்று ஒருவர். அதற்குத் தனித் தீனியாம், பாக்கெட்டில் வருமாம், அதில் கோழியாம் என்று இன்னொருவர். வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குக்கூட இப்படிப் பார்த்துச் செய்ய மாட்டார்கள் என்று பாங்கிலிருந்து ஓய்வு பெற்றவர் முடித்துவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னக்கா, நீங்க ஒண்ணும் சொல்லாம இருக்கீங்க?" என்று கேட்டார். நான் குனிந்து செருப்பு வாரை இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை. வாயால் சொன்னால் பாதியில் நீங்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவீர்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

நானும் நாயோடு ஓடியவள்தான். சேரன்மகாதேவியில், கால்வாய்க் கரையில், எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது. ஆடியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்துபோன ஓட்டம் அது.

எங்களுடையது சைவ வீடு. தாத்தா காலத்து வயல்கள் கைமாறிப் போய், அப்பா தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தார். வயல் போனாலும் பூசை போகவில்லை. காலையில் அப்பா குளித்துத் திருநீறு பூசிச் சிவபூசை முடிக்கிற வரையில் வீட்டில் யாரும் உரக்கப் பேசக்கூடாது. வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை அடுப்படிக்கு வராது. இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு நாய் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அது தானாக வந்தது. அண்ணன் ரேஷன் கடையிலிருந்து வரும்போது பின்னாலேயே வந்து, புறவாசலில் மாடு கட்டுகிற இடத்தில் படுத்துக்கொண்டது. செம்பட்டை நிறம், ஒரு முன்னங்கால் மட்டும் வெள்ளை. யாரும் பெயர் வைக்கவில்லை. "இந்தா" என்றால் வரும். அம்மா அதற்குக் காலையில் பழைய சோறும் மோரும், மத்தியானம் மிஞ்சின சாம்பார் சாதமும், இரவு தயிர் சாதமும் வைப்பாள். வாங்கின நல்ல பேரைக் கெடுக்காமல் அதுவும் எல்லாவற்றையும் தின்றது. வெண்டைக்காயை மட்டும் ஒதுக்கிவைக்கும். 'நம்ம நாயி சுத்த சைவம்' என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள், எங்களோடுதான் இருந்தாள்.

நான் ஓடுவதைக் கண்டுபிடித்தது எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் டீச்சர். அரை மைல் ஓட்டத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளைத் தாண்டி வந்துவிட்டேன். அன்று சாயந்தரமே டீச்சர் வீட்டுக்கு வந்து, ஐப்பசி முடிவில் மாவட்டப் போட்டி இருக்கிறது, இந்தப் பிள்ளை தினமும் காலையில் ஓடிப் பழகினால் பரிசு வாங்கிவிடும் என்றார். பள்ளிக்கூட மைதானம் கையகலம்தான் இருக்கும். கால்வாய்க் கரைதான் நீளமானது. எங்கள் தெருமுனையிலிருந்து மதகு வரையில் இரண்டு மைல். மதகின் பக்கத்தில்தான் டீச்சர் வீடு.

டீச்சர் போன பிறகு வீட்டில் ஆலோசனை நடந்தது.

"பொம்பளப் பிள்ள காரணமில்லாம கரையில ஓடுனா பாக்குதவன் என்ன நெனைப்பான்?" என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அது அவருக்கு உண்மையிலேயே விளங்காத கேள்வி. அண்ணனைத் துணைக்கு ஓடச் சொன்னார்கள். அவன் தன் கூட்டாளிகள் சிரிப்பார்கள் என்று மறுத்துவிட்டான். அத்தை, ஓட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அடுத்த வருசம் தாவணி போடவேண்டிய பிள்ளை என்றாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதெல்லாம் எனக்கு அழுகை வரும்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். "நாயை முன்னால ஓட விட்டுட்டு இவ பின்னால ஓடட்டும். பாக்குதவ, நாயி அத்துக்கிட்டு ஓடுது, பிள்ள பிடிக்கப் போகுதுன்னு நெனச்சுக்கிடுவாவ" என்றாள்.

அப்பா சரி என்றார். கையில் ஒரு கயிற்றை வைத்துக்கொள்ளச் சொன்னார், பார்வைக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று. இப்படித்தான் எனக்கு ஓடுவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

அந்தக் காலத்துக் கால்வாய்க் கரையை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நாம் நடக்கிற நடைபாதையில் இருப்பது ஒரு கூட்டமா? விடிந்தும் விடியாமலும் குளிக்கப் போகிறவர்கள், குளித்து ஈரத்துணியோடு வருகிறவர்கள், பத்தமடைக்குக் கோரைக்கட்டு ஏற்றிப் போகிற சைக்கிள்கள், பால் கேன்கள், சுற்றின பீடியைத் தட்டில் அடுக்கிக் கடைக்குக் கொண்டுபோகிற பெண்கள், எருமைகள், எருமைக்குப் பின்னால் சாணி அள்ளுகிறவர்கள். கரையின் அகலமோ ஒரு வண்டி போகிற அளவுதான். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் வயலுக்கு இறங்குகிற சரிவு.

அம்மா போட்ட கணக்கு முதல் நாளே பலித்துவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே பலித்துவிட்டது. நாய் ஓட, நான் கயிற்றோடு பின்னால் ஓட, கரை முழுக்க உதவிக்கு வந்தது. "ஏலே, பிடிலே அந்த நாயை, பிள்ள பாவம் ஓடியாருது" என்று ஒருவர் கத்தினார். கோரைக்கட்டுக்காரர் சைக்கிளைக் குறுக்கே போட்டார். பீடிப் பெண்களில் ஒருத்தி முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். துண்டு கட்டின பெரியவர் ஒருவர் நாயின் மேல் பாய்ந்து, நாய் விலகிவிட, அவர் கால்வாய்க்குள் போனார். மறுபடி குளித்தது மாதிரி ஆயிற்று அவருக்கு. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் விசயம் விளங்கிவிட்டது. ஆனாலும் யாரும் அதை வெளியே சொல்லவில்லை. "என்ன பிள்ள, இன்னைக்கும் அத்துக்கிட்டு ஓடிட்டோ?" என்று கோரைக்கட்டுக்காரர் கேட்டுவிட்டு, சைக்கிளைப் பைய ஓரமாகச் சாய்த்து வழிவிடுவார். நானும் ஆமாம் என்பேன்.

கூட்டத்தில் ஓடுவதற்கு எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த நாய்தான். எருமை வந்தால் அது சரிவுப் பக்கம் இறங்கி ஏறும். குளித்துவிட்டு யாரும் தொட்டுவிடாமல் மடியாக வருகிறவர்கள் மேல் படாமல் தண்ணீர் ஓரமாகவே வால் ஒடுக்கிப் போகும். பீடித் தட்டு வந்தால் வேகத்தைக் குறைக்கும். அது போன தடத்திலேயே நான் போவேன். யார் மேலும் நான் இடித்ததில்லை. கல்மண்டபம் வந்ததும் நான் கையில் இருக்கிற கயிற்றைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவேன். அங்கிருந்து மதகு அரை மைல். மதகின் மேல் நிற்கிற டீச்சர் கடிகாரத்தை அமுக்குவார். அந்த அரை மைலுக்கு நாயும் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு முழு மூச்சாக ஓடும்.

ஆவணிக் கடைசியில் நாய் மெலியத் தொடங்கியது. போக இரண்டு மைல், வர இரண்டு மைல், அத்தனையும் மோர்ச் சோற்றில். விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. டீச்சர்தான் முதலில் கவனித்தார்.

"இதுக்கு என்னட்டி போடுதீக?"

"தயிர்ச்சோறு டீச்சர்."

"வேற?"

"சாம்பார்ச்சோறு."

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். அவர் வீட்டில் கோழி வளர்த்தார். மறுநாள் அவித்த முட்டை ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"ஒனக்குக் குடுக்க எனக்கு உரிமை கெடையாது. ஒங்கப்பா ஒரு வார்த்தை கேட்டா என்னால பதில் சொல்ல முடியாது. நாய்க்கு என்ன சைவம், அசைவம்? இதை அதுக்குப் போடு. இங்கன போடாத, ஓடி வந்த எளைப்புல தின்னா வாந்தி எடுக்கும். திரும்பிப் போறப்ப மண்டபத்துல உக்காந்து, மூச்சு அடங்குன பொறவு உரிச்சுப் போடு" என்றார்.

மண்டபத்தில் உட்கார்ந்தேன். நாய் எதிரே உட்கார்ந்தது. முட்டை இன்னும் இளஞ்சூடாக இருந்தது. நான் அதுவரை முட்டையைக் கையில் தொட்டதில்லை. தூணில் தட்டி உரித்தேன். உள்ளே இருந்த வெள்ளை வழுவழுப்பு வேடிக்கையாக இருந்தது. மோந்து பார்த்தேன். கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டு மீதியைப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். எனக்கும் நான்கு மைல்தான், எனக்கும் மோர்ச் சோறுதான். கடித்தேன். மஞ்சள் கரு வாய்க்குள் மாவாகக் கரைந்தது. முழுவதையும் தின்றுவிட்டேன். முட்டை ஓட்டைக் கால்வாயில் எறிந்துவிட்டு வாய் கொப்பளித்தேன். நாய் வாலைக்கூட ஆட்டவில்லை. அது தின்கிற பொருள் என்பதே அதற்குத் தெரியவில்லை.

நாளைக்கு அதற்குப் போடுவோம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். தினமும் ஒரு முட்டை கொடுத்தார் டீச்சர். ஒரு நாள்கூட நாய்க்குப் போடவில்லை.

"நல்லாத் திங்குதா?" என்று டீச்சர் கேட்பார்.

"நல்லாத் திங்குது டீச்சர்" என்பேன்.

என் நேரம் நாளுக்கு நாள் குறைந்தது. நாய் நாளுக்கு நாள் மெலிந்தது. இரண்டுக்கும் காரணம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். முட்டை தின்றும் தேறவில்லை என்றால் வயிற்றில் பூச்சி இருக்கும் என்று டீச்சர் மருந்து கொடுத்தார். அந்த மருந்தை மட்டும் நான் ஒழுங்காகப் போட்டேன். நாய்க்கு இரண்டு நாள் வயிற்றால் போயிற்று. அப்பா அதைப் பார்த்துவிட்டு, வெயிலில் ஓடி உடம்பில் சூடு ஏறிவிட்டது, சோற்றைக் குறை, வெந்தயம் ஊறவைத்த மோரைக் கொடு என்று அம்மாவிடம் சொன்னார். அத்தை, கரையில் போகிறவன் வருகிறவன் கண்ணெல்லாம் அதன் மேல்தான் என்று சொல்லி, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினோம், நாயும் இருமியது. யாருக்கும் அதன் மேல் அன்பு இல்லாமல் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து அதைப் பட்டினி போட்டோம்.

புரட்டாசிக் கடைசியில் கார் நெல் அறுப்பு முடிந்தது. அறுத்த வயலில் மேய்க்க வெளியூரிலிருந்து வாத்துக்காரர்கள் வந்தார்கள். மண்டபத்துக்கும் மதகுக்கும் நடுவில், கரைக்குக் கீழே வலையை வளைத்துக் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆயிரம் வாத்தாவது இருக்கும். அந்தச் சத்தம் மண்டபத்திலேயே கேட்கும். ஒரு அம்மாள் விடியற்காலையில் வலைக்குள் குனிந்து குனிந்து முட்டை பொறுக்குவாள். உடைந்ததையும் கீறல் விட்டதையும் தங்கள் நாய்களுக்கு ஊற்றுவாள். ஒரு நாள் எங்கள் நாய் அந்த இடத்தில் ஓட்டத்தைக் குறைத்தது. மறுநாள் நின்றது. மூன்றாம் நாள் சரிவில் இறங்கிவிட்டது. "இந்தா, இந்தா" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தது, வாலை ஆட்டியது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. நான் கயிற்றைத் தூக்கிக் காட்டிவிட்டேன், டீச்சர் கடிகாரத்தை அமுக்கியிருப்பார். தனியாகவே ஓடினேன். திரும்பும்போதும் அது என்னோடு வரவில்லை.

"இத்தனை நாள் சோறு போட்ட வீட்டை மறந்துட்டுல்லா. நன்றி கெட்ட நாயி" என்றாள் அத்தை. அண்ணனும் அதையே சொன்னான். நான் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நாய் வீட்டுக்கு வராமல் ஒரு வாரம் ஆயிற்று. நாய் இல்லாமலே நான் ஓடியதைக் கரையில் யாரும் கேட்கவில்லை, பழகிப் போயிருந்தது. முட்டையை டீச்சரிடம் வாங்கவில்லை, நாய் வாத்துக்காரர்களிடம் நிற்கிறது என்று சொல்லியிருந்தேன். போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது டீச்சர் என்னோடு சைக்கிளில் கரையில் வந்தார். வாத்துக் கூடாரத்துக்கு நேரே சைக்கிளை நிறுத்தி, "நம்ம நாயைப் பாத்துட்டுப் போவோம்" என்றார். அது எழுந்து எங்களிடம் ஓடி வந்தது. ஒரு வாரத்தில் அதன் உடம்பில் மினுமினுப்பு வந்திருந்தது. வாத்துக்கார அம்மாள் கூடையோடு கரைக்கு ஏறி வந்தாள்.

"உங்க நாயா இது? பாவம், இதுக்கு முட்டையே தெரியலைங்க. முதல் நாள் உடைச்சு ஊத்தினா, மோந்து பார்த்துட்டுப் பின்னால போயிருச்சு. மத்த நாய் திங்கிறதப் பார்த்துத்தான் இது நக்கவே கத்துக்கிச்சு" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் தடவினார். நான் கையில் இருந்த கயிற்றைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினேன். கீழே வாத்துகள் கத்திக்கொண்டே இருந்தன. அம்மாள், நாளைக்குக் காலையில் கிளம்பி வீரவநல்லூர்ப் பக்கம் போகிறோம், வேண்டுமென்றால் நாயைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். டீச்சர் அதற்கு மட்டும் சரி என்று தலையை ஆட்டினார்.

அன்று சாயந்தரம் டீச்சர் வீட்டுக்கு வந்தார். அம்மா நாற்காலி போட்டாள். நான் கதவை ஒட்டி நின்றேன். என்னைப் பற்றிச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நாயைப் பற்றித்தான் பேசினார்.

"வாத்துக்காரங்க நாளைக்குக் கெளம்புதாங்க அண்ணாச்சி. நாயைக் கூட்டிட்டு வந்துரலாம். முட்டை கிட்டை போட்டாத் தேறிக்கிடும். நான் தாரேன்."

"முட்டையா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கன முட்டையா திங்குது?"

"ஆமா."

"அப்பம் நம்ம வீட்டுக்கு ஆகாது டீச்சர். ருசி கண்டுட்டு. இனி மோர்ச் சோத்தை மோந்துகூடப் பாக்காது. பூசை பண்ணுத வீடு பாத்துக்கிடுங்க. முட்டை தின்னுட்டு வந்து புறவாசல்ல படுத்தா எப்படிச் சரியா இருக்கும்?"

"முட்டை தின்னா அவ்வளவுதானா?"

"நாயைக் குத்தம் சொல்லல. அதுக்கு என்ன தெரியும். வீட்டு ஆசாரம்னு ஒண்ணு இருக்குல்லா."

டீச்சர் என் பக்கம் திரும்பினார். அதட்டுகிற பார்வை இல்லை அது. எனக்கு நேரம் கொடுத்தார். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாற்பது முட்டை தின்றவள் இந்த வீட்டுக்குள் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தால் அப்பாவுக்கு நாயைத் தடுக்க நியாயம் இருக்காது. அது எனக்கு அந்த வயதிலேயே தெளிவாகத் தெரிந்தது. ஓட்டம் அன்றோடு நிற்கும் என்பதும் தெரிந்தது. நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுவர்க் கடிகாரம் அடித்து ஓய்ந்தது. டீச்சர் தம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி, நாளைக்குக் காலையில வந்துரு" என்று எழுந்து போனார்.

அவர் கடைசி வரையில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. மாவட்டப் போட்டியில் நான் நான்காவதாக வந்தேன். நான்காவதுக்கு ஒன்றும் கிடையாது. அடுத்த வருசம் தாவணி போட்டார்கள், பிறகு நான் ஓடவில்லை. இதையெல்லாம் சொல்லும்போது துக்கம் வரவேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலில் கிள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. அன்றிலிருந்து அப்படித்தான்.

நான் சொல்ல வந்தது அந்த மறுநாள் காலையைப் பற்றி.

நாய் போய்விட்டதே, பிள்ளை தனியாக ஓடுகிறதே என்று அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. முதல் தடவையாக அவரே சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். கிளம்புமுன் என் நெற்றியில் திருநீறு பூசினார். அன்று கரைப் புல்லில் பனி இறங்கியிருந்தது. அப்பா பின்னால் மணியடித்துக்கொண்டே வர, கரையில் எல்லோரும் விலகினார்கள். தாலுகா ஆபீஸ் ஐயாவே வருகிறார் என்று கோரைக்கட்டுக்காரர் இறங்கி நின்றார். மண்டபத்துக்கிட்டே கயிற்றைத் தூக்கி ஆட்டினேன். கீழே வயலில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வாத்துகளைச் சாரை சாரையாகக் கரைப் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

நாய் என்னைப் பார்த்துவிட்டது. வாத்துகளுக்கு நடுவில் பாய்ந்து கரைக்கு ஏறியது. ஏறி, எனக்கு முன்னால் போய், காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. நல்ல பலம் வந்திருந்தது அதற்கு. நானும் அதன் தடத்திலேயே ஓடினேன். இருபது முப்பது அடி ஓடியிருப்போம்.

"சூ, போ அங்கிட்டு" என்றார் அப்பா. சைக்கிளை நிறுத்தி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். அது நாயின் மேல் படவில்லை, பக்கத்தில் விழுந்து உடைந்தது. நாய் நின்றது. அப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. மடியாக வருகிறவர்களுக்கு ஒதுங்குகிற மாதிரி தண்ணீர் ஓரமாக ஒதுங்கி, எனக்கு வழிவிட்டது.

நான் தாண்டி ஓடினேன். மதகில் டீச்சர் கடிகாரத்தை அமுக்கி, எண்ணைப் படித்துச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு வேகமாக நான் ஓடியதே இல்லை.